எட்டு கெஜம், இருபத்தெட்டு மடிப்பு: வீட்டிலேயே கில்ட் தைக்கலாம்

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால், கட்டம்போட்ட கம்பளித் துணியை மடித்துச் சுற்றி பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் மலைநாட்டுக்காரர் நீளமான போர்வைத் துணியைக் கையாலேயே கொசுவி, பெல்ட்டால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார். தையல் கிடையாது, ஃபிட்டிங் என்ற பேச்சும் கிடையாது. கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றபின், 1746இல் பிரிட்டிஷ் அரசு அந்த உடையைச் சட்டம்போட்டுத் தடுத்தது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு, அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்துவிடும் வழக்கம் வந்தது. கில்ட் தையற்காரர் கைக்குப் போனது அப்போதுதான்.

இன்று ஸ்காட்லாந்தில் கையால் தைத்த எட்டு கெஜக் கில்ட் ஒன்று வாங்கப் பல நூறு பவுண்டு ஆகும். ரெடிமேடாகக் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் பாதிப் பேருக்குப் பின்பக்கம் குடைபோல விரிந்து நிற்கும், அல்லது பெல்ட்டை இறுக்கினால்தான் இடுப்பில் நிற்கும். காரணம் ஒன்றுதான். கில்ட்டை உடம்பில் உட்கார வைப்பது பெல்ட் அல்ல. பின்னால் இடுப்புக்கும் சீட்டுக்கும் (பின்பக்கம் மிக அகலமாக இருக்கும் இடம்) நடுவே, மடிப்புகளைச் சேர்த்துத் தைத்திருக்கும் ஏழெட்டு இஞ்ச்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த இடம் சரியாக வந்துவிட்டால் மற்றதில் சின்னக் குறை இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். அது பிசகினால் எவ்வளவு உயர்ந்த துணியும் வீண். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஹெம்மிங், கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்), ஊசியில் நூல் கோத்து நேராக ஓட்டுவது இவ்வளவு தெரிந்தால் போதும். மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரும்பகுதி கைத்தையல்தான்.

துணி

டார்ட்டன் என்பது சும்மா கட்டம்போட்ட துணி அல்ல. குறிப்பிட்ட வரிசையில் வரும் நிறக் கோடுகள், நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே கணக்கில் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஒரு முழு வரிசைக்கு ‘செட்’ என்று பெயர். துணி வாங்கியதும் முதலில் அளக்கவேண்டியது அதைத்தான். ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்து அதே கோடு வரும் இடம் வரை எத்தனை இஞ்ச் என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் 6 இஞ்ச் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்குக்கும் கைக்கும் வசதியான அளவு அது.

எடையில், கெஜத்துக்கு 13 அவுன்ஸ் வரும் கம்பளி முதல் கில்ட்டுக்கு நல்லது. 16 அவுன்ஸ் தொங்கும் அழகே தனி. ஆனால் ஊசி இறங்கச் சிரமம், மடிப்புகள் சேரும் இடத்தில் தடிமனும் அதிகம். 10 அவுன்ஸ் வெயிலுக்கு இதம், காற்றடித்தால் கஷ்டம். பாலி விஸ்கோஸ் விலை மலிவு, வீட்டிலேயே துவைக்கலாம். ஆனால் கம்பளி செய்யும் ஒரு வேலையை அது செய்யாது: ஆவி காட்டினால் சுருங்கி வளைவுக்கு ஒத்துவராது. ஏப்ரன் (கில்ட்டின் முன்னால் மடிப்பில்லாமல் வரும் பகுதி) ஓரத்தில் அது தேவைப்படும் என்பதால், பணம் இருந்தால் கம்பளியே வாங்குங்கள்.

எந்த டார்ட்டன் எடுப்பது? ஸ்காட்லாந்து அரசு 2009 முதல் ஒரு டார்ட்டன் பதிவேடு வைத்திருக்கிறது. வடிவங்களின் கணக்கை அதில் பார்க்கலாம். குலப்பெயரோடு ஒட்டியவை நிறைய உண்டு. அந்தக் குலத்தில் பிறந்தால்தான் போடலாம் என்று சட்டம் ஏதும் இல்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் போன்ற சிலதை மட்டும் விட்டுவிடுவது மரியாதை. பிளாக் வாட்ச் யார் வேண்டுமானாலும் போடுவது. ஆனால் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்புமாக இருப்பதால் இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்தால் கோடே தெரியாது. முதல் கில்ட்டுக்கு மெல்லிய வெள்ளை அல்லது மஞ்சள் கோடு ஓடும் டார்ட்டனாகப் பாருங்கள். பாதித் தொல்லை குறையும்.

இன்னொன்று. இடமிருந்து வலமாகப் பார்த்தாலும் வலமிருந்து இடமாகப் பார்த்தாலும் ஒரே மாதிரி வரும் டார்ட்டனாக இருக்கட்டும். பெரும்பாலானவை அப்படித்தான். புகானன் மாதிரி சில மட்டும் ஒருபக்கச் சாய்வு கொண்டவை. அவை ஏன் வேண்டாம் என்பது துணியைப் பிளக்கும்போது புரியும்.

எட்டு கெஜம் என்பது ஒற்றை அகலக் கணக்கு. மில்லில் இப்போது பெரும்பாலும் 54 முதல் 60 இஞ்ச் வரையான இரட்டை அகலத்தில்தான் நெய்கிறார்கள். ஆகவே நான்கு கெஜம் வாங்கி நெடுக்கவாட்டில் இரண்டாகப் பிளந்தால் எட்டு கெஜம் ஆயிற்று. வாங்கும்போது துணியின் ஓரக்கரை சுத்தமாக, தொங்கும் நூல் இல்லாமல் நெய்திருக்கிறதா என்று கேளுங்கள். கில்ட்டின் கீழ் விளிம்பை மடித்துத் தைக்கமாட்டார்கள். அந்த ஓரக்கரைதான் விளிம்பு.

துணி போக 1¼ இஞ்ச் அகலத் தோல்பட்டையும் பக்கிளும் மூன்று ஜோடி, கோட்டுக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ் ஒரு கெஜம், லைனிங்குக்கு அடர்த்தியான காட்டன், துணியின் நிறங்களுக்குப் பொருந்தும் நூல்கள், டெய்லர் சாக், நிறைய குண்டூசி. கேன்வாஸையும் லைனிங்கையும் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு எடுத்து வையுங்கள். பிறகு சுருங்கினால் மேலே இருக்கும் கம்பளியையும் சேர்த்து இழுக்கும்.

அளவு

பேன்ட் சைஸை இங்கே கொண்டுவராதீர்கள். பேன்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்பது, கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்பது. இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டியதில்லை. மேலே என்ன சட்டை போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் எல்லாம் மாறிவிடும்.

இடுப்பு: தொப்புள் மட்டத்தில் ஒரு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். அது தானாக எங்கே போய் உட்காருகிறதோ அதுதான் இடுப்புக்கோடு. இஞ்ச் டேப் ஒட்டியிருக்கவேண்டும், இறுக்கக்கூடாது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுப்பவர்கள் உண்டு. கல்யாண விருந்து முடிந்ததும் பக்கிள் அவர்களுக்குப் பதில் சொல்லும்.

சீட்: பின்பக்கம் மிக அகலமாக இருக்கும் இடம். இங்கே டேப் தாராளமாகச் சுழலவேண்டும். இரண்டு விரல் உள்ளே போகட்டும். பாக்கெட்டில் பர்ஸ், மொபைல் எதுவும் இருக்கக்கூடாது.

இடுப்புக்கோட்டிலிருந்து சீட் வரை எத்தனை இஞ்ச் இறக்கம் என்பதைத் தனியாகக் குறியுங்கள். பலருக்கு ஏழெட்டு வரும். மடிப்புத் தையல் எங்கே தொடங்கவேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

உயரம்: இடுப்புக்கோட்டிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை. முன்னால், பக்கத்தில், பின்னால் என்று மூன்று இடத்தில் எடுங்கள். தொப்பை இருப்பவருக்கும் முதுகு உள்வளைந்தவருக்கும் மூன்றும் வேறுவேறாக இருக்கும். அந்த வித்தியாசத்தை மேல் விளிம்பில்தான் சரிக்கட்டவேண்டும், ஏனென்றால் கீழே ஓரக்கரை. அதில் கத்தரி வைக்கவே கூடாது. இடுப்புக்கோட்டுக்கு மேலே இன்னொரு 2 இஞ்ச் துணி ஏறி நிற்கும். 22 இஞ்ச் உயரம் வந்தால் கில்ட்டின் முழு உயரம் 24. முட்டிபோட்டு நின்றால் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். ஒரு இஞ்ச் மேலே நின்றாலும் சரி. முழங்காலுக்குக் கீழே தொங்கினால் மட்டும் இரவல் வாங்கியது மாதிரி இருக்கும்.

கணக்கு

இடுப்பு 35, சீட் 40 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

கில்ட்டில் முன்னால் மடிப்பில்லாத இரண்டு ஏப்ரன்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும். பின்னால் முழுக்க மடிப்பு. இடுப்பளவை முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியாகப் பிரியுங்கள்: 17½, 17½. சீட்டில் பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுங்கள்: ஏப்ரனுக்கு 19, மடிப்புக்கு 21. உட்காரும் பகுதி பின்னால்தானே இருக்கிறது.

இனி 21 இஞ்ச்சை மடிப்புகளாகப் பங்கிடவேண்டும். ஒரு மடிப்பு வெளியே தெரியும் அகலம் முக்கால் இஞ்ச் என்றால் 28 மடிப்பு. அதே 28 மடிப்பும் மேலே இடுப்பில் 17½ இஞ்ச்சுக்குள் அடங்கவேண்டும். 17½ஐ 28ஆல் வகுத்தால் 5/8, அதாவது அரையே அரைக்கால் இஞ்ச். ஆக ஒவ்வொரு மடிப்பும் சீட்டில் முக்கால் இஞ்ச்சாகத் தொடங்கி, இடுப்புக்கு வரும்போது அரைக்கால் இஞ்ச் குறுகவேண்டும். கில்ட்டின் ஃபிட்டிங் முழுக்க இந்த அரைக்கால் இஞ்ச்சில்தான் இருக்கிறது.

மடிப்புக்கு 1/16 இஞ்ச் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. சாக் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். ஆனால் 28 மடிப்பிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் 1¾ இஞ்ச் போய்விடும். பக்கிளை நகர்த்தி அதைச் சரிசெய்ய முயன்றால் ஏப்ரனின் நடுக்கோடு ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனால் சாக்கைச் சீவிச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் எந்த ஓரத்தில் தைப்பது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

துணிக் கணக்கு: ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழு செட்டை, அதாவது 6 இஞ்ச்சை விழுங்கும். 28 மடிப்புக்கு 168 இஞ்ச். இரண்டு ஏப்ரன்களுக்கும் ஓர மடக்கு உட்பட 56 இஞ்ச் அளவில். இரண்டு பக்கத்து ஆழ மடிப்புகளுக்கு 16 இஞ்ச். மொத்தம் 240 இஞ்ச், ஏழு கெஜத்துக்குள் முடிந்துவிடும். எட்டு கெஜத்தில் மீதி இருப்பது இடுப்புப் பட்டிக்கு உதவும். உங்கள் துணியின் செட் பெரிதாக இருந்தால் மடிப்பை அகலமாக்கி எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மடிப்பில் இரண்டு வகை. பின்னாலும் டார்ட்டன் முழுதாகத் தெரியும்படி ஒவ்வொரு மடிப்பிலும் வடிவத்தின் அடுத்தடுத்த துண்டைக் காட்டுவது ஒன்று. எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வருவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஸ்காட்டிஷ் படைப்பிரிவுகளில் பார்க்கலாம். நடக்கும்போது மடிப்பு விலகி உள்நிறம் மின்னுவதும் அதில்தான். புதிதாகத் தைப்பவர்கள் இதையே எடுங்கள். கோடு நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணே சொல்லிவிடும், ஒவ்வொரு முறையும் அளக்கவேண்டாம்.

பிளப்பதும் இணைப்பதும்

இரட்டை அகலத் துணியை நெடுக்கில் நடுவே வெட்டுங்கள். இப்போது இரண்டு துண்டிலும் ஒரு ஓரம் கரை, இன்னொரு ஓரம் வெட்டு. இரண்டுக்கும் கரை கீழே வரவேண்டுமானால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். சீரான டார்ட்டனில் திருப்பினாலும் வடிவம் மாறாது. புகானன் போன்றவற்றில் கோட்டு வரிசை எதிர்த்திசைக்குப் போய்விடும். மேலே வேண்டாம் என்றது இதனால்தான். இரண்டு துண்டின் கீழ்க்கரையும் வடிவத்தின் ஒரே கோட்டில் முடிகிறதா என்று அடுக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் துணிக்கடைக்காரரிடம் அன்றே பேசுங்கள்.

துணியின் நேர்ப்பக்கம் மேலே, கரை உங்கள் பக்கம் இருக்கும்படி விரியுங்கள். இடது கோடி வெளி ஏப்ரன், நடுவில் மடிப்பு, வலது கோடி உள் ஏப்ரன். உடுத்தும்போது வெளி ஏப்ரனின் திறந்த ஓரம் உங்கள் வலது தொடைப் பக்கம் வரும். இரண்டு துண்டையும் இணைக்கும் தையல் ஏதாவது ஒரு மடிப்பின் உள்ளே மறையவேண்டும். குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று சேரும்படி குண்டூசி குத்திக் கச்சாத் தையல் போட்டு, அப்புறம் தையுங்கள்.

வெட்டும் முன் வெளி ஏப்ரனின் நடுவில் எந்தக் கோடு வரவேண்டும் என்று தீர்மானியுங்கள். எதிரே நிற்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மடிப்புக்கு எடுத்த கோடும் அதுவும் ஒன்றாக இருந்தால் அழகு, கட்டாயம் இல்லை.

மடிப்புத் தையல்

நல்ல துணியில் கை வைப்பதற்கு முன், மலிவான கட்டம்போட்ட காட்டனில் ஆறு மடிப்பு தைத்துப் பாருங்கள். கீழே 4½ இஞ்ச்சும் மேலே 3¾ இஞ்ச்சும் வரவேண்டும். வரும்வரை பிரித்துப் பிரித்துத் தையுங்கள்.

நல்ல துணியில் சீட் மட்டத்தில் ஒன்று, இடுப்பு மட்டத்தில் ஒன்று என இரண்டு குறுக்குக் கோடுகளை நூல் ஓட்டிக் குறியுங்கள். சாக் தைத்து முடிவதற்குள் அழிந்துவிடும், நூல் அழியாது. மடிப்பின் நடுவில் வரப்போகும் கோடு ஒவ்வொன்றுக்கும் இருபுறமும், சீட் மட்டத்தில் 3/8 இஞ்ச், இடுப்பு மட்டத்தில் 5/16 இஞ்ச் தள்ளிப் புள்ளி வையுங்கள். கீழ்ப் புள்ளியையும் மேல் புள்ளியையும் இணைத்தால், மேலே போகப் போக நெருங்கும் இரண்டு சாய்கோடுகள் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே இருப்பதுதான் வெளியே தெரியப்போகும் மடிப்பு. இடுப்புக்கு மேலே ஏறும் 2 இஞ்ச்சில் கோடுகள் மேலும் நெருங்கவேண்டாம். நேராக விடுங்கள், அல்லது ஒரு நூலளவு விரியவிடுங்கள். விலா எலும்பு அங்கே அகலமாகத் தொடங்குகிறது. பலர் இதை மறந்து உச்சிவரை குறுக்கிவிடுவதால் உட்கார்ந்தால் மேல் விளிம்பு வெட்டும்.

இனி தையல். ஒரு மடிப்பின் ஓரக்கோட்டில் துணியை மடித்து, அந்த மடிப்பை அடுத்த மடிப்பின் ஓரக்கோட்டின்மேல் கொண்டுபோய் வையுங்கள். நடுவில் இருக்கும் 5¼ இஞ்ச் உள்ளே இரட்டையாக மடிந்து மறைந்துகொள்ளும். குண்டூசி குத்துவதற்கு முன் குறுக்குக் கோடுகளைப் பாருங்கள். பக்கத்து மடிப்பின் பச்சைக்கோடும் இதன் பச்சைக்கோடும் ஒரே நேர்கோட்டில் ஓடவேண்டும். அரை நூல் விலகினாலும் நாலு மடிப்பு தாண்டும்போது படிக்கட்டாகத் தெரியும். கீழ் விளிம்பும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

சீட் கோட்டில் தொடங்கி மேலே போங்கள். ஊசி மடிப்பின் விளிம்பிலிருந்து ஓரிரு இழையை மட்டும் பிடித்து, நேர் கீழே இருக்கும் துணியில் இறங்கி, உள்ளே கொஞ்சம் நகர்ந்து மறுபடி விளிம்பில் எழவேண்டும். ஒரு இஞ்ச்சுக்குப் பத்துத் தையலுக்குக் குறையாமல் போடுங்கள். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள், விளிம்பு பல்பல்லாகிவிடும். படிந்திருந்தால் போதும். நூலின் நிறம் விளிம்பில் வரும் துணியின் நிறமாக இருக்கட்டும். தொடங்கும் இடத்தில் மூன்று நான்கு தையல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உறுதிப்படுத்துங்கள். உட்காரும்போதும் பெரிய எட்டு வைக்கும்போதும் இழுவை முழுக்க அந்தப் புள்ளியில்தான் விழும்.

நான்கு மடிப்பு முடிந்ததும் டேப்பை வையுங்கள். கீழே 3, மேலே 2½. கூடக்குறைய இருந்தால் அந்த நான்கை அப்போதே பிரியுங்கள். அடுத்த நான்கில் ஈடுகட்டலாம் என்ற நினைப்பு வரும், வேண்டாம். மடிப்புகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நிற்பது பின்னால் வருபவருக்கு நன்றாகவே தெரியும். எல்லா மடிப்பும் ஒரே திசையைப் பார்க்கட்டும். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். கண் சோர்ந்தால் தையல் அகலும்.

எல்லாம் முடிந்ததும் சீட் மட்டத்துக்குக் கீழே மடிப்புகள் நேராகத் தொங்கும்படி அடுக்கி, குறுக்கே இரண்டு மூன்று வரிசை நீளக் கச்சாத் தையல் போட்டுக் கட்டிவையுங்கள். கடைசி இஸ்திரி வரை இது பிரியக்கூடாது.

ஏப்ரன்

வெளி ஏப்ரன் இடுப்பில் 17½, சீட்டில் 19, விளிம்பில் அதைவிட ஒன்றரை இரண்டு இஞ்ச் கூட. இந்த விரிவை இரு பக்கமும் சமமாகப் பங்கிடுங்கள். இல்லாவிட்டால் நடுக்கோடு சாயும். உடுத்தும்போது வலது பக்கம் வரும் திறந்த ஓரத்தை மூன்று நான்கு இஞ்ச் உள்ளே மடக்கவேண்டும். ஓரம் வளைவாக இருப்பதால் உள்மடக்கில் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். கம்பளி ஆவியில் சுருங்கிப் படிந்துவிடும். ஓரத்தில் குஞ்சம் வேண்டுமானால் துணியில் ஒரு பட்டை வெட்டி, நெடுக்கு இழைகளை அரை இஞ்ச்சுக்கு உருவிவிட்டு, மடக்கின் அடியில் வைத்துத் தையுங்கள்.

வெளி ஏப்ரன் முடிந்து மடிப்பு தொடங்கும் இடது பக்கத்தில், மற்றவற்றைவிட ஆழமான ஒரு மடிப்பு வையுங்கள். வலது பக்கம், மடிப்பு முடிந்து உள் ஏப்ரன் தொடங்கும் இடத்தில், எதிரெதிராக உள்ளே மடியும் மடிப்பு ஒன்று. நடக்கும்போது ஏப்ரன் இழுபடாமல் இருக்க இவைதான் இடம் கொடுக்கும். துணி போதவில்லை என்று இவற்றைச் சுருக்குவதைவிட மடிப்பில் ஒன்றைக் குறைப்பது மேல்.

இந்தக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஊக்கு குத்திக்கொண்டு நின்று, நடந்து, உட்கார்ந்து பார்க்கவேண்டும். சீட் மட்டத்துக்குக் கீழே மடிப்புகள் வாய் திறந்து நின்றால் சீட் இறுக்கம். பின்பக்கம் தொளதொளவென்று உள்ளே விழுந்தால் சீட் லூஸ். இடுப்புக்கு மேலே முதுகில் குறுக்குச் சுருக்கம் விழுந்தால் உச்சி குறுகிவிட்டது. ஏப்ரனின் கீழ்மூலை வெளியே தூக்கினால் அதன் விரிவு போதவில்லை. முன்விளிம்பு தூக்கிப் பின்விளிம்பு தாழ்ந்தால் மேல் விளிம்பைப் பின்னால் கொஞ்சம் வெட்டி ஏற்றவேண்டும். இதற்குப் பிறகு எதையும் திருத்துவது கஷ்டம். ஆகவே வேண்டியவர் யாரையாவது கூப்பிட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் பொறுமையாகப் பாருங்கள்.

உள்ளே

தைத்த மடிப்புகளின் உள்பக்கம் இப்போது ஒரு தலையணை போல இருக்கும். தொழில்முறைத் தையற்காரர்கள் தைத்த பகுதிக்கு உள்ளே மறைந்திருக்கும் மடிப்பின் மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். இடுப்பு மெலிந்து கில்ட் உடம்போடு படிவது அதனால்தான். ஆனால் வெட்டியபின் அளவைப் பெரிதாக்க வழியில்லை. 10 அவுன்ஸ் துணியென்றால் வெட்டாமலே சமாளிக்கலாம். 13ம் அதற்கு மேலும் என்றால் வெட்டுவதே நல்லது. தையலிலிருந்து ஒரு இஞ்ச்சாவது விட்டு வெட்டுங்கள். சீட் கோட்டுக்கு இரண்டு இஞ்ச் மேலேயே நிறுத்திவிடுங்கள், வெட்டிய விளிம்பை உடனே பொதித்துத் தையுங்கள்.

அடுத்து, இடுப்புக்கோட்டு மட்டத்தில் ஒரு காட்டன் பட்டையை மடிப்புப் பகுதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உள்ளே வைத்து, ஒவ்வொரு மடிப்போடும் சேர்த்துத் தையுங்கள். பக்கிளை இறுக்கும்போது அந்த இழுவையைத் தாங்கவேண்டியது இந்தப் பட்டை. இது இல்லாத கில்ட்டில் மெல்லிய மடிப்புத் தையல்கள்தான் அதைச் சுமக்கும், நாளடைவில் விட்டுப்போகும். மலிவு ரெடிமேடில் முதலில் போவதும் அதுதான். அதன்மேல் உச்சியிலிருந்து சீட் வரை கேன்வாஸ். ஏப்ரன்களுக்கும் அதே உயரத்துக்கு ஒரு துண்டு.

பக்கிள், பட்டி, லைனிங்

வலது பக்கம் இரண்டு பக்கிள்: ஒன்று இடுப்புக்கோட்டில், இன்னொன்று நாலைந்து இஞ்ச் கீழே. அவற்றுக்கான தோல்பட்டைகள் வெளி ஏப்ரனின் ஓரத்தில். இடது பக்கம் ஒன்று: உள் ஏப்ரனின் ஓரத்தில் பட்டை தைத்து, இடது பக்கத்தில் போட்ட துளை வழியாக வெளியே எடுத்து மாட்டவேண்டும். அந்தத் துளைக்குத் தடித்த நூலால் காஜா எடுங்கள். பட்டையின் நடு ஓட்டையில் மாட்டும்போது உங்கள் சரியான அளவு வரும்படி வையுங்கள். அப்போதுதான் இளைத்தாலும் பெருத்தாலும் இரு பக்கமும் சமமாக நகர்த்தலாம். கீழ்ப் பக்கிளை மட்டும் எப்போதும் ஒரு ஓட்டை தளர்வாக மாட்டுங்கள். அதை இறுக்கினால் சீட்டில் மடிப்பு விரியும்.

இடுப்புப் பட்டியை மீதித் துணியில் வெட்டி, ஏப்ரனின் நடுக்கோட்டோடு பட்டியின் கோடு சேரும்படி வைத்துத் தையுங்கள். பின்பக்கம் மடிப்புகள் குறுகியிருப்பதால் அங்கே கோடு சேராது, சேரவேண்டியதும் இல்லை. லைனிங் உச்சியிலிருந்து சீட்டுக்குச் சற்றுக் கீழே வரை போதும். கீழ் ஓரத்தைத் தைக்காமல் சும்மா தொங்கவிடுங்கள்.

கடைசியாக இஸ்திரி. கச்சாத் தையலோடேயே, ஈரத்துணி போட்டு, மடிப்பு மடிப்பாக அழுத்துங்கள். முழுக்க ஆறியபின்தான் நகர்த்தவேண்டும். சூட்டோடு தூக்கினால் வைத்த கோடு கலைந்துவிடும். இரண்டு முறை இப்படிச் செய்தபின் கச்சாவைப் பிரியுங்கள்.

கில்ட் பின் (ஏப்ரனில் குத்தும் அலங்கார ஊக்கு) வைத்திருந்தால் வெளி ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் முதல் முறை உட்காரும்போதே துணி கிழியும். துவைக்கும் பேச்சு வேண்டாம். பிரஷ் போட்டுக் காற்றாட விட்டால் மாதக்கணக்கில் தாங்கும், தேவைப்பட்டால் டிரை க்ளீன். பட்டி போக மிஞ்சிய துணியில் இரண்டு இஞ்ச் அகலத் துண்டுகள் நான்கு வெட்டி எலாஸ்டிக்கில் தைத்தால், முழங்காலுக்குக் கீழே சாக்ஸில் தொங்கவிடும் நாடாவும் ஆயிற்று.